வேதமூர்த்தியின் ஒன்பது மாதங்கள்

மலேசியத் தமிழர்களிடம் வேதமூர்த்தி என்று பெயரைச் சொல்லிப் பாருங்கள், கேட்பவர் 2007-ஐ நினைக்கிறாரா 2013-ஐ நினைக்கிறாரா என்பது முகத்திலேயே தெரிந்துவிடும். ஒரு கூட்டத்துக்கு அவர் லண்டனில் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் மீதே வழக்குப் போட்ட வழக்கறிஞர். இன்னொரு கூட்டத்துக்கு அப்போதைய பிரதமர் நஜிப்போடு கைகுலுக்கிவிட்டுத் துணையமைச்சர் நாற்காலியில் போய் உட்கார்ந்தவர். எனக்கு அந்த நாற்காலியைப் பற்றித்தான் எழுத வேண்டும். 2013 மே மாதம் பிரதமர் துறையில் துணையமைச்சர் ஆனார், 2014 பிப்ரவரியில் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். முழுசாக ஒன்பது மாதம்கூட இல்லை. அந்தக் காலத்தைப் பற்றி இன்றைக்கும் சண்டை ஓயவில்லை, விலைபோய்விட்டார் என்று ஒரு பக்கம், ஏமாற்றப்பட்டார் என்று ஒரு பக்கம். எனக்கு இரண்டிலும் ஒப்புதல் இல்லை. கையில் ஒரு நாடாளுமன்றத் தொகுதிகூட இல்லாமல் உள்ளே போனார், மற்றதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

ஆனால் 2013-இல் இருந்து தொடங்கினால் ஆள் புரியமாட்டார். 2005 டிசம்பருக்குப் போக வேண்டும். 1997-இல் எவரெஸ்ட் போன மலேசியக் குழுவில் இருந்த ராணுவ வீரர் எம். மூர்த்தி அப்போது இறந்தார். அவர் முன்பே இஸ்லாத்துக்கு மாறிவிட்டார் என்று ஷரியா நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல, மனைவி அதை ஏற்க மறுத்து சிவில் நீதிமன்றத்துக்குப் போனார். ஷரியா நீதிமன்றத்தின் முடிவில் தலையிட எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று அங்கே கையை விரித்துவிட்டார்கள். உடல் இஸ்லாமிய முறைப்படி அடக்கமானது. அதற்குப் பிறகுதான் முப்பது இந்து அமைப்புகள் சேர்ந்து ஹிண்ட்ராஃப், அதாவது இந்து உரிமை நடவடிக்கைக் குழு, என்ற பெயரில் ஒன்றானார்கள். முன்னணியில் இரண்டு அண்ணன் தம்பி, இருவரும் வழக்கறிஞர்கள். அண்ணன் உதயகுமார், தம்பி வேதமூர்த்தி.

மூர்த்தி வழக்கு ஒரு பொறிதான். அடியில் கிடந்தது தோட்டம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது, லயன் என்ற தொழிலாளர் வரிசை வீட்டில் மூன்று தலைமுறையாக இருந்தவர்களை நட்ட ஈடு என்று எதையோ கொடுத்து அனுப்பினார்கள். தோட்டத்தை இழந்தவன் வேலையை மட்டும் இழக்கவில்லை, வீடும் பள்ளிக்கூடமும் கோயிலும் ஒரே நாளில் போயின, ஏனென்றால் நான்குமே முதலாளியின் நிலத்தில் இருந்தவை. பட்டணத்து ஓரத்தில் புறம்போக்கில் குடிசை போட்டார்கள். பிறப்பைப் பதியாத பிள்ளைகள், குடிமகன் அல்லாதவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு அடையாள அட்டையோடு கிழவர்கள், இதே நாட்டில் பிறந்தும் இந்த நாட்டுக் குடிமகன் என்று காட்ட ஒரு தாள் இல்லாதவர்கள். அடையாள அட்டை இல்லாவிட்டால் வங்கிக் கணக்கு இல்லை, ஒழுங்கான வேலை இல்லை, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதே ஒரு போராட்டம். இதையெல்லாம் கவனிக்க ஆளும் தேசிய முன்னணிக் கூட்டணியில் இந்தியர்களின் கட்சியாக ம.இ.கா., அதாவது மலேசிய இந்தியக் காங்கிரஸ், இருந்தது. அதன் தலைவராக 1979 முதல் சாமிவேலு இருந்தார். 1978-இல் துணையமைச்சராக நுழைந்து அடுத்த வருடமே முழு அமைச்சரானவர் அவர், அது தனிக் கதை.

2007 அக்டோபர் 30-ஆம் தேதி, தீபாவளிக்கு ஒரு வாரத்துக்குச் சற்று அதிகமாக இருக்கும்போது, ஷா ஆலாம் பக்கம் பாடாங் ஜாவாவில் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலை இடித்தார்கள். அந்த வருடத் தீபாவளியில் எந்த வீட்டுக்குப் போனாலும் இதே பேச்சு. அதற்கு முன்பே ஆகஸ்ட் 31-இல், மலேசியா சுதந்திரத்தின் ஐம்பதாவது ஆண்டைக் கொண்டாடிக்கொண்டிருந்த அதே நாளில், வேதமூர்த்தி லண்டனில் வழக்குத் தாக்கல் செய்திருந்தார்: எங்கள் பாட்டன்மார்களைச் சஞ்சிக்கூலி ஒப்பந்தத்தில் கொண்டுவந்து வேலை வாங்கிக்கொண்டு, 1957-இல் பாதுகாப்பில்லாமல் விட்டுவிட்டுப் போனீர்கள், அதற்கு நான்கு டிரில்லியன் அமெரிக்க டாலர் கொடுங்கள். ஆளுக்குப் பத்து லட்சம் டாலர்.

சிரித்தவர்கள் நிறையப் பேர். சட்டம் படித்தவர்கள் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். அந்தத் தொகை கிடைக்கும் என்று வேதமூர்த்தியே நம்பியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். ஆனால் அதுவரை எங்கள் அரசியல் என்பது மானியம் கேட்கிற அரசியல்: ஒரு கோயிலுக்கு இவ்வளவு, ஒரு தமிழ்ப் பள்ளிக்கு இவ்வளவு, மேடையில் பெரிய அட்டைக் காசோலை, ஒரு மாலை. அந்த வழக்கு, கேட்கிற இடத்தில் நின்றவனைக் கணக்குக் கேட்கிற இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. ராணியிடம் போக ஒரு லட்சம் கையெழுத்து என்று மனு தயாரித்தார்கள், வழக்கை நடத்த ஏழைகளுக்கு ஒரு பெரிய வழக்கறிஞரை நியமித்துக் கொடுங்கள் என்று அரசி எலிசபெத்தைக் கேட்கும் மனு. அதைக் கொடுக்கத்தான் நவம்பர் 25-இல், அப்போது ஜாலான் அம்பாங்கில் இருந்த பிரிட்டிஷ் தூதரகத்துக்குக் கூட்டம் கிளம்பியது.

அன்றைக்கு நடந்தது பலருக்கும் தெரியும். பேரணிக்கு அனுமதி இல்லை, நீதிமன்றத் தடை வேறு, சாலையெல்லாம் மறியல், அப்படியும் பல ஆயிரம் பேர் வந்தார்கள், கண்ணீர்ப்புகையும் ரசாயனத் தண்ணீரும் வந்தன. முந்திய இரவே பத்துமலையில் திரண்டவர்கள் மீதும் அதேதான். அங்கே பிடிபட்டவர்களில் 31 பேர் மீது கொலை முயற்சிக் குற்றச்சாட்டுப் போட்டு, நாடே முகம் சுளித்த பிறகு டிசம்பரில் அதைக் கைவிட்டார்கள். டிசம்பர் 13-இல் உதயகுமார், மனோகரன், கெங்காதரன், கணபதிராவ், வசந்தகுமார் ஐந்து பேரையும் இசா என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் கமுந்திங் தடுப்பு முகாமில் அடைத்தார்கள். விசாரணை கிடையாது. வேதமூர்த்தி அப்போது நாட்டுக்கு வெளியே இருந்தார். 2008-இல் அவருடைய கடப்பிதழையும் (பாஸ்போர்ட்) ரத்து செய்தார்கள், லண்டனே கதி என்றானது.

2008 மார்ச் 8. தேசிய முன்னணி முதல் தடவையாக மூன்றில் இரண்டு பங்கை இழந்து 222-இல் 140-க்கு இறங்கியது. 2004-இல் நின்ற ஒன்பது நாடாளுமன்றத் தொகுதிகளையும் ஜெயித்த ம.இ.கா.வுக்கு மூன்றுதான் மிஞ்சியது. சுங்கை சிப்புட்டில் சாமிவேலுவையே டாக்டர் ஜெயகுமார் தேவராஜ் தோற்கடித்தார். மனோகரன் கமுந்திங்கில் இருந்தபடியே கோத்தா ஆலாம் ஷா சட்டமன்றத் தொகுதியை ஜெயித்தார். மக்கள் சக்தி என்ற ஹிண்ட்ராஃப் முழக்கத்தை மலாய்க்காரர்களும் சீனர்களும்கூடத் தமிழிலேயே முழங்கிய தேர்தல் அது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த அலையில் ஜெயித்த இந்தியர்கள் எல்லோரும் எதிர்க்கட்சிகளான ஜ.செ.க., பி.கே.ஆர். சின்னங்களில் நின்றவர்கள். ஹிண்ட்ராஃப் என்ற பெயரில் நாடாளுமன்றத்தில் ஒரு ஆள் இல்லை. விளக்கை இவர்கள் ஏற்றினார்கள், வெளிச்சத்தில் வேறொருவர் கடை போட்டார். போதாததற்கு 2008 அக்டோபரில் ஹிண்ட்ராஃபையே தடை செய்துவிட்டார்கள். தடை செய்யப்பட்ட அமைப்பு தேர்தலில் எங்கே நிற்பது? வெளியே வந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள், ஆளுக்கொரு கட்சி, ஆளுக்கொரு பிரிவு. பெயரும் கோபமும் மட்டும் பொதுவில் மிஞ்சின.

வேதமூர்த்தி 2012 ஆகஸ்ட் 1-ஆம் தேதி சிங்கப்பூர் வழியாக நாடு திரும்பினார். கைது செய்வார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம், செய்யவில்லை. 2013 ஜனவரியில் தடையும் நீங்கியது. தேர்தல் நெருங்குகிறது, இந்திய ஓட்டு வேண்டும் என்ற கணக்குதான், இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. மார்ச்சில் அவர் 21 நாள் உண்ணாவிரதம் இருந்தார். ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றைத் தயாரித்து வைத்துக்கொண்டு, யார் இதில் கையெழுத்துப் போடுகிறீர்களோ அவர்களுக்கு ஆதரவு என்று இரண்டு கூட்டணிகளையும் கேட்டார். எதிர்க்கட்சித் தலைவர் அன்வாரின் மக்கள் கூட்டணியோடு பேச்சு நடந்தது, கையெழுத்தாகவில்லை. ஏப்ரல் 18-ஆம் தேதி கோலாலம்பூர் செமுவா ஹவுசில் தேசிய முன்னணி கையெழுத்துப் போட்டது. நஜிப் பக்கத்தில் இருந்தார்.

அந்த நாளை என் வட்டத்தில் யாரும் மறக்கவில்லை. இசாவில் அடைத்தவன், கோயிலை இடித்தவன், கண்ணீர்ப்புகை அடித்தவன், அவனோடே ஒப்பந்தமா என்று கேட்டவர்கள்தான் அதிகம். உதயகுமாரே தம்பியின் முடிவை வெளிப்படையாக எதிர்த்தார். ஒப்பந்தத்தில் நான்கு விஷயங்கள் இருந்தன: தோட்டத்தை விட்டுப் பெயர்க்கப்பட்டவர்களின் வாழ்க்கை, நாடற்றவர்களின் குடியுரிமை, கல்வி, வேலையும் தொழிலும். இவற்றை நடத்தப் பிரதமர் துறையில் ஒரு தனிப் பிரிவு. தடுப்புக் காவல் மரணம், போலீஸ் அத்துமீறல், இனப் பாகுபாடு மாதிரி ஹிண்ட்ராஃபைத் தெருவுக்குக் கொண்டுவந்த விஷயங்கள் அந்த நான்கில் இல்லை. எனக்கு அதுதான் முதல் உறுத்தல், கைகுலுக்கல் இல்லை. எதிரியோடு பேசாமல் எந்தச் சிறுபான்மையும் எதையும் வாங்கியதில்லை. என்ன வாங்கினோம் என்பதுதான் கேள்வி.

மே 5 தேர்தலில் தேசிய முன்னணி 133 இடங்களோடு ஆட்சியைத் தக்கவைத்தது, மொத்த ஓட்டில் 47 சதவீதம்தான். இந்திய ஓட்டு எவ்வளவு திரும்பியது, அதில் ஒப்பந்தத்துக்கு எவ்வளவு பங்கு என்பதை ஆளுக்கொரு மாதிரி கணக்குச் சொன்னார்கள். ஹிண்ட்ராஃப் கொண்டுவந்த ஓட்டு இதோ என்று பெட்டியைத் தட்டிக் காட்ட வழியில்லை. தொகுதி இருந்தால் எண்ணிவிடலாம், நாலு தொகுதி, ஆறு தொகுதி என்று. அலையை எப்படி எண்ணுவது?

இப்போது நாற்காலிக்கு வருவோம். மலேசிய அரசியலமைப்பில் அமைச்சரவையைப் பற்றிப் பேசுவது 43-ஆவது பிரிவு. துணையமைச்சர்களுக்கு 43ஏ என்று தனியாக ஒரு பிரிவு, பின்னால் சேர்த்தது. இரண்டு அவைகளில் ஒன்றில் உறுப்பினராக இருப்பவரைப் பிரதமரின் ஆலோசனைப்படி மாமன்னர் துணையமைச்சராக நியமிக்கலாம், அவர் வேலை அமைச்சருக்கு உதவுவது. புதன்கிழமை அமைச்சரவைக் கூட்டத்தில் அவருக்கு நாற்காலி கிடையாது. நாடாளுமன்றத்தில் கேள்விக்குப் பதில் சொல்வார், விழாக்களைத் திறந்துவைப்பார், காரும் அதிகாரியும் உண்டு. ஒரு அமைச்சர் தன் அதிகாரத்தில் கொஞ்சத்தை ஒதுக்கிக் கொடுத்தால் துணையமைச்சருக்கும் செல்வாக்கு இருக்கும், கொடுக்காவிட்டால் இல்லை. தேர்தலில் நிற்காத வேதமூர்த்தியைச் செனட்டராக்கித்தான் இந்தப் பதவியைக் கொடுக்க முடிந்தது. செனட்டர் பதவி மூன்று வருடம், நியமிப்பதும் அதே பிரதமரின் ஆலோசனைதான். ஆக, நிற்கிற தரையும் உட்கார்கிற நாற்காலியும் இரண்டுமே ஒரே ஆள் கொடுத்தது.

அதே அமைச்சரவையில் பால் லோவும் அப்துல் வாஹிட் ஓமாரும் இதே மாதிரி வெளியிலிருந்து செனட்டராகி வந்தவர்கள்தான். ஆனால் அவர்கள் முழு அமைச்சர்கள். கையெழுத்துப் போட்டு ஒப்பந்தம் செய்துகொண்டு வந்தவருக்குத் துணை. இதை அப்போதே யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. பிரதமர் துறை என்பது வேறு ஒரு கடல், பல அமைச்சர்களும் பல துணையமைச்சர்களும் எண்ணற்ற இலாகாக்களும் அதற்குள் இருக்கும். பக்கத்தில் ம.இ.கா. வேறு: பழனிவேல் அமைச்சர், டாக்டர் சுப்பிரமணியம் அமைச்சர், கமலநாதன், சரவணன் துணையமைச்சர்கள். இந்தியர்களுக்கு ஏதாவது செய்வது என்றால் அது தங்கள் கடை என்று அறுபது வருடமாக நினைத்துவந்த கட்சி, ஹிண்ட்ராஃப்காரருக்கு வழிவிட்டு நிற்குமா?

பதவி ஏற்ற சூடு ஆறுவதற்குள் மே 21-ஆம் தேதி என். தர்மேந்திரன் கோலாலம்பூர் போலீஸ் காவலில் இறந்தார். இந்த மாதிரி மரணங்களுக்காகத்தான் ஹிண்ட்ராஃப் பல வருடம் கத்தியது. இப்போது அந்தப் போலீசை வைத்திருக்கும் அரசாங்கத்திலேயே இவர் இருக்கிறார். அவர் பேசாமல் இல்லை, கண்டித்தார். ஆனால் அரசாங்கத்துக்கு உள்ளே இருந்துகொண்டு அரசாங்கத்தைக் கண்டிப்பதை வெளியே இருப்பவன் நடிப்பு என்றான், உள்ளே இருப்பவன் துரோகம் என்றான். அடுத்து ஜூன் 5. உதயகுமார் 2007-இல் பிரிட்டிஷ் பிரதமர் கோர்டன் பிரவுனுக்கு எழுதிய கடிதத்துக்காகத் தேச நிந்தனைச் சட்டத்தில் இரண்டரை வருடச் சிறைத் தண்டனை வாங்கினார். தம்பி துணையமைச்சர், அண்ணன் காஜாங் சிறையில். எங்கள் அம்மாக்கள் சீரியலில் இப்படி வந்தால் நம்பமாட்டார்கள்.

அப்புறம் மாதங்கள் போயின. நாடற்றவர்களுக்குப் பத்திரம் கொடுப்பது தேசியப் பதிவிலாகாவின் வேலை, அது உள்துறை அமைச்சின் கீழ். தமிழ்ப் பள்ளி கல்வி அமைச்சின் கீழ். தோட்டத்து நிலம் மாநில அரசின் கையில், மலேசியாவில் நிலம் என்றாலே மாநில விவகாரம். நான்கு விஷயத்தில் ஒன்றுகூடத் துணையமைச்சரின் மேசைக்கு வந்து முடிகிற விஷயம் இல்லை. பணம் நிதியமைச்சிடம், நிதியமைச்சரும் நஜிப்தான். இத்தனை கதவுகளையும் திறக்கக்கூடிய ஒரே சாவி பிரதமரின் விருப்பம், தேர்தல் முடிந்த பிறகு அந்த விருப்பத்துக்கு அவசரம் ஒன்றும் இருக்கவில்லை. 2014 பிப்ரவரி 10-இல் வேதமூர்த்தி துணையமைச்சர் பதவியையும் செனட்டர் பதவியையும் சேர்த்தே விட்டார். ஒப்பந்தத்தில் சொன்ன எதையும் நஜிப் நிறைவேற்றவில்லை என்பது அவர் குற்றச்சாட்டு.

செனட்டர் பதவியையும் சேர்த்து விட்டதை நான் பெரிதாக மதிக்கிறேன். அலவன்சை வாங்கிக்கொண்டு மூன்று வருடம் ஓட்டியிருக்கலாம், அப்படி ஓட்டியவர்கள் பெயர்களை மலேசிய வாசகர்கள் தாங்களாகவே நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் ராஜினாமாவும் காலி கையோடுதான் நடந்தது. நான்கு எம்.பி.க்கள் வைத்திருப்பவன் விலகினால் ஆட்சி ஆடும். இவர் விலகியபோது ஒரு செய்தி வந்தது, ஒரு வாரம் பேசினார்கள், முடிந்தது. ஒப்பந்தம் என்பதே மீறினால் என்ன ஆகும் என்ற பயத்தில் நிற்கிற ஒன்று, இங்கே மீறினால் ஒன்றும் ஆகாது என்று இரண்டு பக்கமும் தெரியும்.

இதோடு கதை முடிந்திருந்தால் சாதாரணமாகப் போயிருக்கும். 2018-இல் அவர் முன்னாள் பிரதமர் மகாதீரின் கூட்டணிப் பக்கம் நின்றார். மே 9-இல் தேசிய முன்னணி முதல் முறையாக ஆட்சியை இழந்தது, மகாதீர் மறுபடி பிரதமரானார். ஜூலையில் வேதமூர்த்தி மறுபடி செனட்டர், இந்தத் தடவை முழு அமைச்சர், தேசிய ஒற்றுமையும் சமூக நலனும் அவர் பொறுப்பு. 2007-இல் அரசாங்கம் தேடிய ஆள், அமைச்சரவை மேசையில். சேடிக் என்று இருந்த இந்தியர் மேம்பாட்டுப் பிரிவு மித்ரா என்று பெயர் மாறி அவர் கீழ் வந்தது, ஆண்டுக்குப் பத்துக் கோடி ரிங்கிட் ஒதுக்கீடு. ஓராங் அஸ்லி என்ற பழங்குடியினர் விவகாரமும் அவரிடம். இப்போது கோப்பு கைக்கு வந்தது, பணமும் வந்தது.

வராதது பின்னால் நிற்கிற கட்சி. செப்டம்பரில் மகாதீர் ஐ.நா.வில் மனித உரிமை உடன்படிக்கைகளை ஏற்போம் என்று பேசிவிட்டு வந்தார். எல்லா வகை இனப் பாகுபாட்டையும் ஒழிக்கும் ஐசெர்ட் உடன்படிக்கையைப் பற்றி உள்நாட்டில் முன்னால் நின்று பேச வேண்டியவர் வேதமூர்த்தி, துறை அவருடையது. மலாய்க்காரர்களுக்கும் மற்ற பூர்வகுடிகளுக்கும் உள்ள பூமிபுத்ரா சலுகை போய்விடும் என்று எதிர்க்கட்சிகளான அம்னோவும் பாஸும் கிளம்பின. நவம்பர் 23-இல் அரசாங்கம் பின்வாங்கியது. மூன்று நாளில் சுபாங் ஜெயாவில் சீஃபீல்ட் மாரியம்மன் கோயிலில் கலவரம். நவம்பர் 27 அதிகாலை அங்கே காயப்பட்ட தீயணைப்பு வீரர் முகமது அடிப் டிசம்பர் 17-இல் இறந்துபோனார். கோபம் முழுக்க ஒரு பெயர் மேல் வந்து விழுந்தது. ஐ.நா.வில் பேசியவர் மகாதீர், முடிவு எடுத்ததும் கைவிட்டதும் அமைச்சரவை, ஆனால் ஐசெர்ட்டை எதிர்த்த டிசம்பர் 8 பேரணிக் காலத்திலும் அதற்குப் பிறகும் விலகு என்று கேட்டது இவரை. மகாதீர் விலக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் அந்தக் காலத்தில் கூட்டணிக் கட்சி எதிலிருந்தும் இவருக்காகப் பெரிதாக ஒரு குரல் வந்த ஞாபகம் எனக்கு இல்லை. யார் கட்சி ஆள் இவர்? யார் கட்சி ஆளும் இல்லை.

அது அவருக்கே புரிந்திருக்க வேண்டும். 2019 ஜூலையில் மலேசிய முன்னேற்றக் கட்சி என்று ஒன்றைத் தொடங்கினார். 2007-க்கும் 2019-க்கும் நடுவில் பன்னிரண்டு வருடம். கமுந்திங்கில் ஐந்து பேர் இருந்தபோது, பத்துமலையில் கூட்டம் வழிந்தபோது, தெருவில் மக்கள் சக்தி என்று கேட்டபோது இல்லாத கட்சி, அலை வற்றிய பிறகு வந்தது. தடை இருந்தது, நாடு கடந்து இருந்தார், எல்லாம் சரி. ஆனாலும் 2013 ஜனவரியில் தடை நீங்கிய அன்று, ஒப்பந்தத்துக்கு ஆள் தேடியதற்குப் பதில் நான்கு தொகுதியைத் தேடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். இந்தியர்கள் பெரும்பான்மையாக இருக்கும் நாடாளுமன்றத் தொகுதி மலேசியாவில் ஒன்றுகூட இல்லை, அதனால் தோற்றும் போயிருக்கலாம். தோற்றிருந்தாலும் எத்தனை ஓட்டு என்பது தெரிந்திருக்கும்.

கட்சி தொடங்கிய ஏழே மாதத்தில், 2020 பிப்ரவரி 24-இல் மகாதீர் பதவி விலகினார், அரசாங்கம் கவிழ்ந்தது, அமைச்சர் பதவியும் போனது. மித்ரா அவர் கையைவிட்டுப் போன பிறகும் செய்தியில் இருந்தது, 2021-இல் அதன் மானியங்கள் எங்கே போயின என்று ஊழல் தடுப்பு ஆணையம் விசாரித்தபோது.

2023 டிசம்பரில் பிரதமர் அன்வார் அமைச்சரவையை மாற்றினார். மனிதவள அமைச்சராக இருந்த சிவகுமார் நீக்கப்பட்டார், தமிழ் அமைச்சர் ஒருவர்கூட இல்லையே என்று வாட்ஸ்அப் முழுக்கப் புலம்பல். பதிலாக நமக்கு இத்தனை துணையமைச்சர்கள் என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினார்கள். அவர்களில் குலசேகரனும் ஒருவர், 2018-இல் வேதமூர்த்தியோடு சேர்ந்து முழு அமைச்சராக இருந்தவர், அந்த மாற்றத்தில் பிரதமர் துறையில் துணையமைச்சர் ஆனார். 2013-இல் வேதமூர்த்தி உட்கார்ந்த அதே துறை, அதே பதவி. ஒரே ஒரு வித்தியாசம், குலசேகரனுக்கு ஈப்போ பாராட் என்று ஒரு தொகுதி இருந்தது.